புலெங்கின் செடி

மந்த்வா ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை தொட்டி மண்ணுக்குள் விட்டாள். மண் ஈரமாக இருந்தது.

விரலை எடுத்து முகர்ந்தாள். நகக்கண்ணில் கறுப்பாக ஒட்டியிருந்த மண்ணில் புதுமழை வாசனை. மங்காங் நகரில் மழையைப் பார்த்து மாதக்கணக்காகிறது. வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வைக்கோலாகி, காற்று உதட்டைப் பிளக்கும் அளவுக்கு வறண்டு கிடந்தது. இந்தத் தொட்டிக்கு அவள் தண்ணீர் ஊற்றி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மறதியில் விட்டதல்ல. காயட்டும் என்றுதான் விட்டாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவன் மொகேதே லாரியோடு டர்பன் துறைமுகத்துக்குப் போனவன், சரக்கு ஏற்ற வரிசையில் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான். பின்கதவில் அவள் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அது வீட்டின் கடைசி அறை. மூலையில் பீரோ உயரத்துக்கு ஒரு துணிக் கூடாரம், உள்ளே வெள்ளிக் காகிதம் போல் பளபளக்கும் சுவர், மேலே ஒரு விளக்கு, சதா முனகும் சின்ன மின்விசிறி, நடுவில் பெரிய தொட்டியில் ஒரே ஒரு கஞ்சாச் செடி. அவளுடைய அக்கா புலெங் வயிற்றில் புற்றோடு இதே அறையில் படுத்திருந்தபோது, மாத்திரைக்கு அடங்காத வலிக்காக மொகேதே வளர்க்கத் தொடங்கியது. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வளர்க்கலாம் என்று சட்டம் வந்துவிட்டதால் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. நடக்க முடிந்தவரை புலெங்தான் அதைப் பார்த்துக்கொண்டாள். புலெங் போய்விட்டாள். செடி இருக்கிறது. அதை அவன் பூக்க விடுவதில்லை. தாய்ச்செடி என்று வைத்துக்கொண்டு, கிளை நறுக்கி நட்டு, கன்றுகளை மட்டும் நண்பர்களுக்குக் கொடுப்பான்.

துக்கம் கழிந்ததும் இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, மொகேதேவுக்கு மனைவியாக அக்காவின் இடத்தில் தங்கையை வைத்தார்கள். அவர்கள் வழக்கம் அது. அக்காவின் பள்ளிச் சீருடை வந்த மாதிரியே புருஷனும் வந்தான், முழங்கை தேய்ந்து. பெயரில்கூட அப்படித்தான். கொட்டுகிற மழையில் பிறந்தாள் என்று அக்காவுக்கு மழையின் பெயர். அப்பாவும் சித்தப்பாவும் அடித்துக்கொண்ட வாரத்தில் பிறந்தாள் என்று இவளுக்குச் சண்டையின் பெயர்.

ஆனால் மொகேதே முதலில் தேடி வந்தது இவளைத்தான். வேன் நிறுத்தத்தில் பழக்கமாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தது புலெங். அவ்வளவுதான் நடந்தது. தட்டு மேசையில் பட்ட சத்தம் இன்றைக்கும் மந்த்வாவின் காதில் இருக்கிறது.

கல்யாணமாகி வந்த வாரமே அவன் அவளுக்குச் செடியைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தான். புதிதாக வளர்ப்பவர்கள் பட்டினி போட்டுக் கொல்வதில்லை, ஊற்றி ஊற்றித்தான் கொல்கிறார்கள் என்றான். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்திருந்து, விளிம்பைச் சுற்றி மெல்ல ஊற்ற வேண்டும். அடித்தட்டில் கொஞ்சம் வடிந்ததும் நிறுத்தி, வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். பிறகு விரல் விட்டுப் பார்த்து, தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்தால்தான் மறுபடி. மண் எப்போதும் நசநசவென்று இருந்தால் கொசு மாதிரி சின்ன ஈ வரும். அதைப் பிடிக்கத்தான் பசை தடவிய மஞ்சள் அட்டை. காற்று காய்ந்தால் செஞ்சிலந்தி வரும். பொடிசு, சட்டென்று கண்ணில் படாது, இலையைத் திருப்பி அடிப்புறம் பார்க்க வேண்டும். கண்டால், விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில், சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து ஒவ்வோர் இலையாகத் துடைக்க வேண்டும். சொல்லிக்கொண்டே அவன் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் விரல்களுக்கு அவ்வளவு பதம் தெரியும் என்பதை மந்த்வா அன்றைக்குத்தான் கண்டாள். அவள் மேல் அவை ஒருநாளும் அப்படிப் பட்டதில்லை.

டர்பன் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

“தண்ணி ஊத்தினியா?”

“ஊத்தினேன் அத்தான்.”

“ஜில்லுனு ஊத்திடாத. அவளுக்கு வெதுவெதுப்பா இருந்தாத்தான் புடிக்கும்.”

அதுக்கு என்று சொல்லவில்லை. அவளுக்கு என்றான். சொன்னது அவனுக்கே தெரியவில்லை. அந்த நிமிடம்தான் மந்த்வா இனி ஒரு சொட்டுக்கூட ஊற்றுவதில்லை என்று முடிவுசெய்தாள்.

இப்போது மண் ஈரமாக இருக்கிறது. கூடாரம் மூடியே கிடப்பதால் காயவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காய்ந்து சாகாவிட்டால் மூழ்கிச் சாகட்டும். குழாயைத் திறந்து, பனியில் விறைத்த தண்ணீரை வாளி நிறையப் பிடித்து, தண்டின் மேலேயே கவிழ்த்தாள். அடித்தட்டு நிரம்பித் தரையில் ஓடியது. அதைத் துடைக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்தாள்.

காலையில் தரை காய்ந்திருந்தது. அடித்தட்டில் ஒரு சொட்டு இல்லை. துணி போட்டுத் துடைத்த வட்டமான கோடு மட்டும் தெரிந்தது. தொட்டியின் காதைப் பிடித்துத் தூக்கினாள். சுலபமாக எழும்பியது. மொகேதே கையால் காட்டிக்கொடுத்தானே, சரியாக அந்தக் கனம்.

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, எரிச்சல். செய்வதில் எதையாவது குறை கண்டு, பேசாமல் பின்னாலேயே வந்து திருத்திவைப்பது புலெங்கின் பழக்கம். மந்த்வா விரித்த படுக்கையை மறுபடி விரிப்பாள். மந்த்வா கிண்டிய சோளக்களியில் துடுப்பைப் போட்டு இன்னொரு தரம் கிண்டுவாள். அம்மா ருசி பார்த்துவிட்டுப் புலெங்கைத்தான் பார்ப்பாள்.

பக்கத்து வீட்டு திஸெபோ அம்மாவின் சமையலறை ஜன்னலில் ஒரு பூந்தொட்டி செஞ்சிலந்தி பிடித்து, தூசி படிந்த மாதிரி வெளிறிப்போயிருந்தது. தூக்கிப்போடப் போவதாகச் சொன்னாள். மந்த்வா, நானே போட்டுவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

“உங்க அக்கா இருந்திருந்தா ஒரே நாள்ல தொடச்சு எடுத்திருப்பா,” என்றாள் திஸெபோ அம்மா. “அவ கை அப்படி. உனக்கு எங்க வரும், நீ கடைக்குட்டி.”

மந்த்வா சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து, நூலாம்படை கட்டிய இலைகளைக் கிள்ளி, தாய்ச்செடியின் கிளைகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் செருகினாள். பொட்டுப் பொட்டாகச் சிவப்புத் துகள்கள் அவள் புறங்கையிலும் ஏறின. தட்டிவிட்டாள்.

சில நாளிலேயே இலைகளில் ஊசி குத்தினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. நுனித் துளிரைச் சுற்றி மெல்லிய வலை. விளக்கு வெளிச்சத்தில் அந்த வலையில் புள்ளிகள் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்ததை அவள் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தாள். அக்கா போன பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் கூடாரத்தின் ஜிப்பை இறக்கியதும் வேப்பெண்ணெய் நெடி முகத்தில் அடித்தது. வலை இல்லை. ஒவ்வோர் இலையும் கழுவித் துடைத்துப் பளபளத்தது. அவள் செருகிய இலைகள் கீழே சிறு குவியலாகக் கிடந்தன. கூடாரச் சட்டத்தில் ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது, இல்லை, காயவில்லை, நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டு வேப்பெண்ணெய்ப் புட்டியை அவள் முன்பே தேடி எடுத்து, சாக்கடையில் கொட்டிவிட்டிருந்தாள்.

அன்று மத்தியானம் அடுப்பங்கரை நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது முகம் ஈரமாக இருந்தது. கழுத்து மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் ஏதோ வழுவழுப்பு. உதட்டை நக்கினாள். கசந்தது.

திஸெபோ அம்மா வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். அப்போது பார்த்து மேசை மேல் தொலைபேசி அடித்தது. மொகேதே. சரக்கு ஏற்றியாகிவிட்டது, நாளைக்கு வந்துவிடுவேன் என்றான். அவன் குரலில் ஒரு குழைவு இருந்தது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கேட்டறியாத குழைவு.

“நேத்து நீ பேசினதுலேயே இருக்கேன்,” என்றான். “எவ்வளவு நேரம் பேசின. கல்யாணமாகி இத்தனை நாள்ல ஒருதடவகூட நீ அப்படிச் சிரிச்சதில்ல.”

மந்த்வா நேற்று அவனோடு பேசவில்லை. நேற்று மத்தியானமும் தூங்கிக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடுப்பங்கரையில்தான் கிடந்தது.

“நான் என்ன பேசினேன்?”

அவன் மெல்லச் சிரித்தான். “அத என் வாயால வேற சொல்லணுமா? வந்து சொல்றேன்.”

வைத்துவிட்டான்.

அவள் கதவைத் தாண்டி ஓடியிருக்கலாம். கால் வாசல் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு. இஸ்திரிச் சட்டையோடு வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சிரித்தது அப்படித்தான், தேநீர் வந்தபிறகு. செத்தும் விடவில்லை. செத்தும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் நிற்கிறாள். நெஞ்சுக்குள் எரிந்த எரிச்சலில் பயம் இருந்த இடம் தெரியவில்லை. கோழி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள்.

நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். ஆனால் கூடாரத்துக்குள் அப்போது ராத்திரி. குளிர்காலத்தில் விளக்கின் சூடு இரவுக்கு வேண்டுமென்று, அணைந்திருக்கும் நேரத்தை மொகேதே பகலில் வைத்திருந்தான்.

ஜிப்பைக் கீழே இழுத்தாள். கத்தரிக்கோலை நீட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, மண்டியிட்டாள். இலைகள் கன்னத்தில் உரசின. குளிர்ந்த, கழுவிய இலைகள். பச்சை வாசனையும் கசப்பும் மூச்சை அடைத்தன. தண்டு தரைக்கு அருகே எங்கே இருக்கும் என்று இடக்கையால் துழாவினாள்.

மண். ஈரம். தண்டு.

தண்டைப் பிடித்து மேலே தடவினாள். சொரசொரப்பு. ஒரு கணு. இன்னொரு கணு.

அப்புறம் சொரசொரப்பு இல்லை.

வெதுவெதுப்பாக இருந்தது. மெலிந்த எலும்பு. அதன் மேல் தளர்ந்த தோல். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை, தண்டைச் சுற்றிப் பிடித்திருந்தது.

மின்விசிறி நின்றது.

பின்னால் ஜிப் ஏறும் சத்தம். மெதுவாக. பல் பல்லாக. ஜன்னல் வெளிச்சம் கோடாகி, நூலாகி, போயிற்று. ரேடியோவும் கேட்கவில்லை.

கத்தரிக்கோலை விரல் விரலாகப் பிரித்து யாரோ வாங்கிக்கொண்டார்கள். முரட்டுத்தனமில்லை. குழந்தை கையிலிருந்து வாங்குவது போல.

முகத்துக்கு வெகு அருகில் மூச்சு. பிறகு அக்காவின் குரல். கோபமில்லாத, வேலையில் கவனமாக இருக்கும் குரல்.

“அசையாத. எவ்வளவு ஏறியிருக்கு பாரு உன் மேல.”

ஈரத்துணி நெற்றியில் பட்டது. தாடையை இரண்டு விரல்கள் பிடித்தன. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பின. காது மடலை மடக்கி, அடிப்புறத்தைப் பார்த்தன. கண்ணிமையைப் புரட்டி, அடிப்புறத்தைப் பார்த்தன. உதட்டைப் புரட்டின. அங்கே நிற்காமல், ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, மெல்ல, கிழியாமல், இன்னும் புரட்டின.