வண்டு கேட்டு வந்தவர்கள்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டு ரெபேக்கா அக்கா எவர்சில்வர் டப்பாவுடன் வந்தார். உறை மோர் கேட்டு வருவதுபோல்தான் எங்கள் அடுக்குமாடிக் கோபுரத்தில் வண்டு கேட்டு வருவார்கள்.

"தம்பி, கத்தரி முழுக்க மாவுப்பூச்சி. ஒரு பத்து வண்டுக்குட்டி எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோங்கக்கா."

அவர் பால்கனிக்குப் போனார். நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன். பாதியைக் கொட்டினேன்.

பூச்சிமருந்துகள் செயலற்றுப்போய் இருபது வருடங்களாகின்றன. கடைகளில் கீரையும் காயும் கிடையாது. வீட்டுக்குப் பன்னிரண்டு செடித்தொட்டிகள் என்பது சட்டம். பூச்சிகளைத் தின்பதற்காக ஆலைகளில் வளர்த்த வண்டுகள் மூன்றே தலைமுறைகளில் மலடாகிவிட்டன. வீடுகளில் வளர்ந்த வண்டுகள்தான் கைமாறிக் கைமாறிப் பிழைத்திருக்கின்றன. எங்கள் கோபுரத்தின் வண்டுகளெல்லாம் என் மனைவி முகிலினியின் துளசித் தொட்டியில் தொடங்கியவை. அவள் இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன.

"தம்பி, இங்க வாங்க!"

போனேன். அக்கா தக்காளிச்செடியின் அடியில் குனிந்திருந்தார். மண்மேல் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சுத் துணுக்குகள் உதிர்ந்து கிடந்தன.

"என்ன தெளிச்சீங்க?"

"வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும். மூணு நாளா. இலைக்கண்தான் சொல்லிச்சு."

இலைக்கண் என்பது பால்கனிக் கம்பியில் இருந்து செடிகளைக் கண்காணிக்கும் சிறிய கேமரா. வியாழக்கிழமை அது 'மாவுப்பூச்சி அறுபத்து மூன்று. கரைசல் தெளிக்கவும்' என்றது. தெளித்தேன். இப்போதெல்லாம் யாராவது ஏதாவது செய்யச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

"எம்.டெக். படிச்சவருதானே நீங்க? இது பூச்சி இல்ல, வண்டோட குட்டி! அதுவும் வெள்ளையாத்தான் இருக்கும். பூச்சிக்கு நடுவுல பூச்சி மாதிரியே இருந்து அதையே தின்னும்."

எனக்குத் தெரியாது. முகிலினி சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கமாட்டேன்.

"இத்தனை நாளா இலைக்கண் ஒண்ணும் சொல்லலையேக்கா?"

"அவ அதைத் திருத்திக்கிட்டே இருந்தா. அது பூச்சின்னு சொல்லும்போதெல்லாம் 'தப்பு, இது குட்டி'ன்னு சொல்லுவா. நீங்க எதையாவது மாத்தினீங்களா?"

மாற்றியிருந்தேன். போன வாரம் தொட்டிகளை என் பெயருக்கு மாற்றச் சொல்லிப் படிவம் வந்தது. மாற்றாவிட்டால் தண்ணீர் நின்றுவிடும். 'பழைய உரிமையாளரின் திருத்தங்கள் நீக்கப்படும், சம்மதமா?' என்று ஒரு வரி இருந்தது. அவள் போனபின் வந்த எல்லாப் படிவங்களுக்கும் போல அதற்கும் 'ஆம்' போட்டேன்.

அக்கா துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவித் தந்தார்.

"தொட்டுப் பாருங்க. பூச்சின்னா சும்மா கிடக்கும். குட்டின்னா ஓடும்."

இருவரும் இலை இலையாகத் தொட்டோம். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் கற்பூரவல்லியின் மடிப்பில் ஒன்று விறுவிறுவென்று ஓடியது. நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. அக்கா சிரிக்கவில்லை.

"ஒத்தையா இருந்து என்ன பண்ணும் தம்பி? பெருகாதே."

"உங்க வீட்டுல?"

"இருந்தா நான் ஏன் டப்பாவத் தூக்கிட்டு வரேன்? பூச்சி தீர்ந்ததும் வண்டும் போயிடும், எல்லாரும் உங்க வீட்டுக்குத்தான் வருவோம். இந்தக் கோபுரத்துல வேற யாருகிட்டயும் இல்ல. வெள்ளிக்கிழமை பயிர்க்காவல் அதிகாரிங்க சோதனைக்கு வராங்க. வண்டு இல்லாத கோபுரம்னா, பூச்சி பரவும்னு எல்லாத் தொட்டியையும் அள்ளிட்டுப் போய் எரிச்சிடுவாங்க. அவ வச்ச தொட்டியும் சேர்த்துத்தான்."

யாரிடம் கேட்பது என்றேன். பி கோபுரத்தில் பதினேழாம் மாடியில் ஒருவருக்கு முகிலினி வண்டு கொடுத்ததாக அக்காவுக்கு ஞாபகம். பெயர் தெரியாது. டப்பாவை என் கையில் திணித்தார்.

பதினேழாம் மாடியில் நான்கு கதவுகள். மூன்றாவது கதவை லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் திறந்தார். என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், பிறகு என் தோளுக்குப் பின்னால் நடைவழியைப் பார்த்தார்.

"ஏ கோபுரமா? அந்தப் பொண்ணு வரலையா?"

முகிலினி எத்தனை முறை இங்கே வந்திருப்பாள் என்று தெரியவில்லை.

"எனக்கு எது வண்டு, எது பூச்சின்னு ஒண்ணும் தெரியாதுப்பா," என்றார். "அவங்கதான் வந்து பாத்துப் பிரிச்சுக் குடுப்பாங்க. நாலு மாசமா ஆளையே காணோம். நானும் பயந்துபோய் ஒண்ணையும் தொடலை. இலைக்கண் கத்திக்கிட்டே இருக்கு."

"அவ இல்லைங்க," என்றேன்.

"ஊருக்குப் போயிருக்காங்களா?"

"இல்லைங்க."

அவர் கதவை அகலத் திறந்தார். பிறகு வழிவிட்டார்.

பால்கனி முழுக்க வெள்ளையாக இருந்தது. இலை, தண்டு, தொட்டியின் விளிம்பு எல்லாம். இதில் எது என்ன?

"வீட்டுல துடைப்பம் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

ஈர்க்குச்சியோடு மண்டியிட்டேன். முதல் வெள்ளையைத் தொட்டேன். அசையவில்லை. அடுத்ததைத் தொட்டேன். அது ஓடியது. அதன் பக்கத்திலிருந்த இன்னொன்றும் ஓடியது.

"என்னப்பா, இருக்கா?" என்றார் பெரியவர்.

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான்கு மாதமாக வராத அழுகை வந்தது. எதற்கென்று விளங்கவில்லை. அவர் டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் திறந்து, இலைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்.