சென்சார் சொன்ன பொய்

கிரீச்...!

அவள் பிரேக்கை மிதித்த மிதியில், பக்கத்துச் சீட்டிலிருந்த லேப்டாப் சரிந்தது. ஒரு கையால் அதைப் பிடித்தபடி கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஒரு வேன், இவள் காரை இடிக்க ஒரு சாண் மிச்சம் வைத்து நின்றிருந்தது.

கொட்டும் மழையில் குடை கூட இல்லாமல் இறங்கி வந்தான் ஒருவன். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அந்தக் கண்களில் மட்டும்... கோபமே இல்லை!

"ஏங்க, மேட்டு ரோட்டுல இப்படித் திடுதிப்புன்னு நின்னா எப்படி?"

"இன்ஜின் உள்ள டக்கு டக்குன்னு அடிக்குது. இன்னும் கொஞ்சம் மிதிச்சா பிஸ்டன் போயிடும். உங்களுக்குப் புரியாது, விடுங்க."

அவன் விடவில்லை. ஜன்னல் வழியே லேப்டாப்பை எட்டிப் பார்த்தான்.

"இது என்னங்க, ஒரு கோடு எகிறுது... இன்னொண்ணு படுத்துக் கிடக்குது?"

"எகிறுறது பூஸ்ட். டர்போ தள்ளுற அழுத்தம். கீழ இருக்கிறது லோடு. ஒவ்வொரு தடவையும் சிலிண்டருக்குள்ள எவ்வளவு காத்து போகுதுன்னு ஒரு சென்சார் அளந்து சொல்ற கணக்கு. பூஸ்ட் மீட்டர் பொய் சொல்லுது, அவ்வளவுதான்."

"காத்தை அளக்குற சென்சார் பொய் சொன்னா?"

"அது புதுசு சார்!"

"சென்சார் புதுசு... அது மாட்டியிருக்கிற குழாய்? அதை யாராவது அகலமாக்கினாங்களா? பெரிய குழாய்ல காத்து மெதுவாப் போகும். சென்சார் கம்மின்னுதான் சொல்லும்."

அவள் புருவம் உயர்ந்தது. "சார் எந்தப் பட்டறை?"

"பட்டறை இல்லீங்க. ஏசிக்குக் காத்துக்குழாய் போடுறேன். ஆபீஸ், ஆஸ்பத்திரி..."

சுருக்கென்று வந்தது அவளுக்கு. எட்டு வருடமாக டர்போ டியூனிங் செய்கிறவள்! ரேஸ் ஓட்டுகிறவர்களே அவளுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள்...

"ஏசி மாட்டுறவர் எனக்கு டியூனிங் சொல்லித் தர்றீங்களா? உங்க வேலையைப் பாருங்க சார்!"

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. "சரிங்க... பார்த்துப் போங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த 'பார்த்துப் போங்க' பட்டறை வரைக்கும் கூடவே வந்தது.

பட்டறையில் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை அதே காரில் ஓட்டப்போகும் மலைச்சாலை ரேஸுக்கு ஹெல்மெட் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா... சென்சார் மாட்டியிருக்கிற ஏர் ஃபில்டர் குழாயை மாத்தினியா?"

"ஆமா, போன வாரம் நீ லீவுல இருந்தப்போ. ரெண்டரை இஞ்சு இருந்துச்சு, மூணா ஆக்கிட்டேன். காத்து தாராளமா வரட்டுமேன்னு. ஏன், நான் உங்கிட்ட சொல்லலையா?"

அவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தாள். பத்துப் பங்கு காற்று போனால் சென்சார் ஏழு என்கிறது. இன்ஜினுக்கு வேலை குறைவு என்று நம்பி, காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கிறது, தீப்பொறியை முந்திக் கொடுக்கிறது. அடிக்காமல் என்ன செய்யும் பாவம்! பூஸ்ட் மீட்டர் சொன்னதுதான் நிஜம்.

புதுக் குழாய்க்கு ஏற்றபடி சென்சார் கணக்கைத் திருத்தினாள். படுத்துக் கிடந்த கோடு எழுந்து பூஸ்ட்டோடு ஏறியது. அதே மேட்டில் கார் சத்தமில்லாமல் பறந்தது. அண்ணன் விசிலடித்தான். அவளால்தான் சிரிக்க முடியவில்லை. தப்பு என்று தெரிந்துவிட்டது... போய்ச் சொல்ல வேண்டாமா? சீச்சீ, நானாவது போவதாவது! ராத்திரி முழுக்க அவளுக்கும் அவளுக்கும் சண்டை.

காலையில், வேனில் பார்த்த கடைப்பெயரைத் தேடிப் போன் போட்டாள். புது ஆஸ்பத்திரிக் கட்டடம், மூன்றாவது மாடி என்றார்கள்.

அவன் ஏணியில் நின்று, கூரைத் துவாரத்தில் காற்று அளக்கும் மீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"குழாய்தாங்க... நீங்க சொன்னதுதான்," என்றாள் தரையைப் பார்த்து.

"தெரியும்."

"எப்படி?"

"தப்பா இருந்தா நீங்க எதுக்கு மூணு மாடி ஏறி வரப்போறீங்க?"

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "நேத்து பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்க."

"தப்பு என் மேலயும் இருக்குங்க." அவன் காது மடல் சிவந்தது. "நான் முதல்ல எட்டிப் பார்த்தது லேப்டாப்பை இல்ல. உங்களைத்தான்... மாட்டிக்குவேனோன்னு பயந்துதான் கோட்டைப் பத்திக் கேட்டேன்."

அம்மாடி... இப்படியா போட்டு உடைப்பது! எட்டு வருடம் இன்ஜின் சத்தத்தில் நின்றவளுக்கு, இப்போது தன் நெஞ்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் ரேஸ் ஓட்டுறான்... வர்றீங்களா?"

"வரேன். ஆனா, நான் யாருன்னு அவர் கேட்டா?"

"எனக்குப் பிடிச்சவர்னு சொல்லுவேன்... போதுமா!"

சொன்ன வேகத்தில் திரும்பி, தடதடவென்று படியிறங்கிவிட்டாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான், எத்தனை மணிக்கு, எங்கே என்று எதையுமே சொல்லவில்லை என்பது உறைத்தது. ஐயோ என்று தலையில் கை வைத்து நிமிர்ந்தாள்...

கட்டட வாசலில், மீட்டரைக் கையில் பிடித்தபடியே, மூச்சிரைக்க அவன் ஓடி வந்துகொண்டிருந்தான்.