கிள்ளியாற்றுப் பாலத்தில் கேட்ட குரல்

விடியற்காலையில் முத்தாரம்மாள் கிணற்றடியில் குளித்து, ஈரத் தலையோடு சாமி விளக்கைக் கும்பிட்டுவிட்டாள். அந்த நொடியிலேயே விரதம் தொடங்கிவிட்டது. ஏழு கோவில்களையும் நடந்து முடிக்கும்வரை இனி வாய் திறக்கக் கூடாது. உடன் வரும் சாலைத் தெருப் பெண்கள் ஐந்து பேருக்கும் அதே கட்டுப்பாடுதான். முன்னால் நடந்து வழிகாட்டும் சுமங்கலிக்கு மட்டும் பேச்சு உண்டு. ஆரம்பித்த நடையை அன்றைக்கே முடித்தாக வேண்டும்.

அதன் பிறகுதான் செய்தி வந்தது. வழக்கமாக வழிகாட்டும் பிச்சம்மைக்குக் கடுமையான காய்ச்சலாம், எழுந்திருக்கவே முடியவில்லையாம்!

"நான் வாறேன்" என்றாள் நீலாம்பாள், அடுக்களை வாசலில் நின்று.

முத்தாரம்மாள் இரண்டு கைகளையும் வீசி, வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினாள். மற்ற நாளாயிருந்தால் மருமகளை அங்கேயே வார்த்தையால் சுட்டிருப்பாள். இன்றைக்கு அந்த வாய் பூட்டிக் கிடந்தது. அதைப் பார்க்க நீலாம்பாளுக்கு எவ்வளவு இதமாக இருந்தது!

அம்மாவுக்குப் பதிலாக மகன் தாணுலிங்கம் பேசினான்.

"உனக்க வாயை நம்பியா? எங்க அப்பாவைக் கொண்டு போனது போராதா? இப்ப எனக்க தங்கச்சி பிள்ளைக்கும் உலை வைக்கணுமா?"

கட்டிய புருஷன் வாயில் வருகிற பேச்சா இது! ஏழு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துவிட்டது.

"ஏழு கோவிலுக்கும் முறை தெரிஞ்ச வேற ஆளு உண்டும்னா கூட்டிட்டு வாருங்க. நான் அடுக்களைக்குப் போறேன்."

யாரும் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து, இப்போது ஏழு மாதமாக இருக்கும் தங்கை உலகம்மைதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்காகத்தான் இந்த நடையே.

"மயினியே போகட்டும் அண்ணே... விரதம் முடங்கிரப் பிடாது..."

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். பத்மநாபசாமி கோவிலில் மூன்று நடைவாசல்களிலும் நின்று கும்பிட்டார்கள். ஸ்ரீகண்டேஸ்வரம் போய்த் திரும்பி, சாலைக் கடைத்தெருவின் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே வலியசாலைக் கோவிலை அடைந்தார்கள். எந்தச் சந்நிதியில் என்ன வேண்டிக்கொள்வது, எங்கே திரும்புவது என்று ஒரு குறையும் இல்லாமல் நீலாம்பாள் சொல்லி வந்தாள். முத்தாரம்மாளுக்கு மூச்சு சீராயிற்று. பாவம், அவசரப்பட்டுவிட்டாள்!

கிள்ளியாற்றுப் பாலத்தின் நடுவில் நீலாம்பாள் நின்றாள்.

"எல்லாரும் நில்லுங்க. இங்க ஒரு கதை சொல்லணும். இது சாமி கதையில்ல, எனக்க கதை."

ஐந்து பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்தாரம்மாள் முகம் வெளிறியது.

"ஏழு வருசம் முந்தி, மாமா சீக்காக் கிடக்கச்சில, இதே பாலத்துல நடந்தோம். நீங்க அஞ்சு பேரும் முன்னால. நானும் அத்தையும் பின்னால. ஒரு காளை கயித்தை அத்துக்கிட்டு வந்துது. 'அய்யோ என் தாயே'ன்னு ஒரு குரல் கேட்டுதே... அது ஆருக்க குரலு?"

காலடியில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க திரும்பிப் பாத்திய. அத்தை விரலை நீட்டி என்னைக் காட்டுனாவ! நான் இல்லன்னு சொல்ல எனக்கு வாயில்ல. சொன்னா என் விரதமும் போயிரும், மாமா உயிரும் போயிரும்னு நெனச்சு அப்பிடியே விழுங்கினேன். மூணாம் நாள் மாமா போயிட்டாரு. தாலியறுத்து மூலையில இருந்தவகிட்ட, நீங்கதான் பேசினியன்னு எப்பிடிச் சொல்லுவேன்? மனசு வரல்ல. நான் வாயை மூடினேன். நீங்க தெறந்தியளே அத்தை! வீடு வீடா ஏறி, மாமனாரை முழுங்கினவன்னு சொன்னியளே! கல்யாண வீட்டுல என் கையில சந்தனம் வாங்க ஆளில்ல. கட்டினவரு ஏழு வருசமா என் முகம் பாத்து ஒரு நல்ல வார்த்தை பேசல்ல!"

கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"இப்ப சொல்லுங்க. நான் சொல்லுகது பொய்யின்னு சொல்லுங்க! ஏன் சும்மா நிக்கியோ? வாயில்லாம நிக்கது எப்பிடி இருக்கு?"

இந்த ஒரு கேள்விக்காக அவள் ஏழு வருஷம் காத்திருந்தாள். அவமானம் பொறுக்காமல் முத்தாரம்மாளின் உதடுகள் பிரிந்தன. தொண்டையில் ஒரு ஒலி எழும்பியது. இன்னொரு நொடி பொறுத்திருந்தால் பழி முழுதாகத் தீர்ந்திருக்கும். ஆனால் நீலாம்பாளின் உள்ளங்கை பாய்ந்து மாமியாரின் வாயைப் பொத்திக்கொண்டது.

"பேசாதிங்க! உலகம்மைக்க பிள்ளை எனக்கு என்ன செய்துது? உங்களுக்காச்சுட்டி இல்ல, அதுக்காச்சுட்டி பொத்துகேன். நடங்க."

ஆற்றுகால் கோவிலில் வெயில் ஏறியது. ஆறாவதையும் கும்பிட்டு நடந்தார்கள். முத்தாரம்மாளின் கால்கள் கொப்பளித்தன. நீலாம்பாள் வேகத்தைக் குறைக்கவில்லை. இரக்கமில்லையா என்று கேட்பவர்கள் அந்த அடுக்களையில் ஏழு வருஷம் இருந்து பார்க்கட்டும்!

ஏழாவது கோவில் கரமனையில். கட்டுச்சோற்றுத் தூக்கோடு தாணுலிங்கம் காத்திருந்தான். சந்நிதியில் வாங்கிய தீர்த்தத்தை நீலாம்பாள் மாமியாரின் கையில் ஊற்றினாள். வழிகாட்டி சொன்னால்தான் வாய் திறக்கலாம், யாருக்காக நடந்தோமோ அவர் பெயரே முதல் வார்த்தை.

"வாயைத் திறங்க."

"உலகம்மை" என்றாள் முத்தாரம்மாள். அதோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

அவ்வளவுதானா? நீலாம்பாள் மாமியாரையே பார்த்தாள். பாலத்தில் சொன்னதெல்லாம் மருமகளின் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் நம்பிவிடும். வாயைப் பொத்தி நானே காப்பாற்றிவிட்டேனே பாவி!

"மக்களே தாணு..." முத்தாரம்மாளின் குரல் உடைந்தது. "பாலத்துல அண்ணைக்கு சத்தம் போட்டது இவ இல்லடா. நானாக்கும்! உங்க அப்பாவை நானே கொன்னுட்டேன்னு பயந்து இவ தலையில போட்டேன்... இவ ஒரு வார்த்தை சொல்லல்லியே... எனக்க பொன்னுமோளே!"

அவள் அப்படியே சரிந்து மருமகளின் கால்களைக் கட்டிக்கொண்டாள். தாணுலிங்கம் தூக்கைக் கீழே வைத்தான்.

"நீலா... நான்..."

"நீங்க பொறவு பேசலாம். ஏழு வருசம் ஒரு நல்ல வார்த்தை பேசாம இருந்திய, இன்னும் ஒரு நாழிகை ஆகட்டும்."

குனிந்து மாமியாரைத் தூக்கி நிறுத்தினாள். நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இருவரும் விம்மி விம்மி அழுதார்கள். பிறகு நீலாம்பாள் தன் முந்தானையால் அந்தக் கண்களைத் துடைத்துவிட்டாள்.

"மாமா சாவுக்கு காளையும் காரணமில்ல, உங்க வாயும் காரணமில்ல அத்தை. வைத்தியரு கைவிட்ட பொறவுதானே நாம நடந்தோம்? பாலத்துல என்னைக் காட்டுனதை நான் அண்ணைக்கே பொறுத்தாச்சு. ஆனா வீடு வீடா ஏறிச் சொன்னியளே, அதைப் பொறுக்க மாட்டேன். நம்ம தெருவுல பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டு நடையிலயும் நின்னு, இப்ப சொன்னதை இதே மாதிரி சொல்லணும்."

"அம்மாவுக்குக் கால் வெந்து போயிருக்கே..." என்றான் தாணுலிங்கம்.

முத்தாரம்மாள் மகனைக் கையமர்த்தினாள்.

"வழிகாட்டி சொன்னா நடக்கணும்டா" என்றாள்.

நீலாம்பாள் மாமியாரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கொப்பளித்த கால்களுக்கு ஏற்றாற்போல் மெதுவாக முன்னால் நடந்தாள்.

"முதல்ல பிச்சம்மை வீடு. காய்ச்சல்ல கிடந்தாலும் காது கேக்கும்."