செங்கல் போட்ட இடம்

சாலையே மின்சாரம் ஊட்டத் தொடங்கிய பிறகு கீழநெற்குன்றத்தில் எந்த வண்டியும் நிற்பதில்லை. தாருக்கடியில் புதைத்த ஊட்டுச்சுருள்கள், ஓடும் வண்டிக்கு ஓடும்போதே மின்னேற்றிவிடும். வண்டியும் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும். பேரூராட்சித் தலைவி தர்ஷினி தேர்தலில் கொடுத்த வாக்கு அது. சொன்னபடி செய்தவள், இப்போது அதே சாலையோரம் மகளின் கல்யாணப் பத்திரிகையும் கையுமாக நின்றாள்.

முன்பெல்லாம் ஊருக்கே ஒரு மின்னேற்றுக் கம்பம்தான். இரண்டாவது, திறந்த அன்றே படுத்துவிட்டது. ரேஷன் கடையில் போடுவதுபோல ஆளாளுக்கு ஒரு கல்லைப் போட்டு இடம்பிடித்துவிட்டு, வேப்பமர நிழலில் ஊர்வம்பு பேசுவார்கள். அந்த மாதிரி வரிசைதான் அவள் குடும்பத்தைப் பிரித்தது. மகளின் காதுகுத்துக்கு வெளியூர் வேலையிலிருந்து கிளம்பி வந்த அண்ணன் கிஷோர், வழியில் வேறோர் ஊர்க் கம்பத்தில் மாட்டிக்கொண்டான். நல்ல நேரம் தாண்டுகிறதே என்று தர்ஷினி குழந்தையை இன்னொருவர் மடியில் உட்கார வைத்துவிட்டாள். தாய்மாமன் உயிரோடிருக்க வேறு மடியா? அன்றோடு நேர்ப்பேச்சு நின்றது.

ஆனால் அவனும் இதே ஊர்க்காரன்; மின்னேற்ற இந்த ஒரே கம்பத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அவன் வரும் நாளில் தர்ஷினி தன் கல்லுக்கு முன்னால் அவனுக்காக ஒரு செங்கலையும் போட்டுவைப்பாள். அவன் ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து மரத்தடியில் வைத்துவிட்டு வண்டியை விடுவான்.

"அம்மா திதிக்கு வடையில உப்பு இல்லைன்னு யாரோ சொன்னாங்க" என்பான் கம்பத்தைப் பார்த்து.

"வந்து சாப்பிடாதவுகளுக்கு உப்பு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?" என்பாள் இவளும் கம்பத்திடம்.

என்ன சுகமான சண்டை அது. இனி யாருக்கும் நல்ல நேரம் தவறக் கூடாதென்றுதான் அவள் இந்தச் சாலையைக் கொண்டுவந்தாள். சாலை வந்ததும் கம்பத்தைப் பிடுங்கினார்கள். உறவு நிற்க ஒரு சாக்கு வேண்டும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

போனில் அழைத்தால் தாய்மாமனுக்கு மரியாதையில்லை. வீட்டுக்குப் போனால் வாசலோடு அனுப்பிவிடுவானோ என்று பயம். அதனால்தான் சாலையோரம் நின்றாள். அவன் வண்டி வந்ததும் கைகாட்டினாள். உள்ளிருந்து அவன் நிறுத்தச் சொன்னதும், "நிறுத்தக் காரணம்?" என்று வண்டி கேட்டதும் திறந்த சன்னல் வழியே கேட்டன. தங்கச்சி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வேகம் குறைத்த வண்டி நிற்காமலே போய்விட்டது.

மறுநாள் வேப்பமரத்தடியில் கிடந்த பழைய செங்கலை எடுத்து, அவன் வரும் நேரத்துக்கு நடுச்சாலையில் வைத்தாள்.

"சாலையில் தடை. அகற்றவும்" என்று சொல்லி வண்டி நின்றது. இறங்கிவந்த கிஷோர், குனிந்து செங்கலைத் தொட்டவன், அதைத் தடவிப் பார்த்தான்.

"வரிசை எங்க முடியுதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்றான்.

"உன் எடம் முன்னாடியே போட்டாச்சுண்ணே." பத்திரிகையை நீட்டினாள். "நல்ல நேரம் தாண்டுனாலும் தாண்டட்டும். நீ வந்தப்புறந்தான் தாலி."

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஆட்கள் இறங்கினார்கள். "எவ்வளவு நேரமாகும்ப்பா?" என்று ஒருவர் கேட்டார். கேட்டவருக்கு அவசரம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. செங்கலை ஓரமாக வைத்த பிறகும் பேச்சு நீண்டது.

அடுத்த நாள் காலை நடுச்சாலையில் அதே இடத்தில், வரிசையாக மூன்று கற்கள் கிடந்தன.

"எடுத்துரவாங்க மேடம்?" என்று கேட்டார் பேரூராட்சி ஊழியர்.

"வேணாம்யா" என்றாள் தர்ஷினி. "போட்டவங்க வரட்டும்."