ராணியின் கறுத்த கன்னம்

"தெக்க போவோம். இன்னும் நின்னா காலடித் தடமெல்லாம் மூடிரும்," என்றார் திரவியம், முகத்தில் அடித்த செம்மணலைத் துண்டால் தடுத்துக்கொண்டு.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் அம்மி என்ன, மணல்மேடே இடம் மாறிவிடும். அந்தச் சிவப்பு மணலுக்குள்தான் எப்சிபாவின் அண்ணன் டைட்டஸ் நேற்றுக் காலையில் போனான், திரும்பவில்லை. அந்தக் காலத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் புதைத்ததாகச் சொல்லப்படும் வெள்ளி ரூபாய்ப் பானைதான் அவனை இழுத்தது. பழைய காசு என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். தேடிவந்தவர்கள் மூன்று பேர்: எப்சிபா, அவள் தோழி ஹாஜிரா, டைட்டஸுக்குக் காசு விற்கும் கடைக்காரர் திரவியம்.

மேடு இங்கே தெற்கும் வடக்குமாகப் பிரிந்தது. கேனில் இருந்த தண்ணீர் ஒரு பக்கம் போய்வரத்தான் காணும். தப்பான பக்கம் திரும்பினால் அண்ணனை உயிரோடு பார்க்க முடியாது.

தெற்குச் சரிவில் திரவியம் குனிந்து எதையோ எடுத்தார். ராணித் தலை போட்ட வெள்ளி ரூபாய், கன்னங்கரேலென்று இருந்தது.

"பாத்தியாம்மா, பானையத் தோண்டிட்டான். வழியில ஒண்ணு தவறி விழுந்திருக்கு."

"வாட்டி, போவோம்," என்று ஹாஜிரா நடக்கத் தொடங்கினாள்.

எப்சிபா நகரவில்லை. சாப்பாட்டு நேரமெல்லாம் அண்ணன் காசுப் புராணம் படிக்க, கொட்டாவி விட்டபடி கேட்டவள் அவள். ராணியின் கன்னம் மேடு. கை பட்டுப் பட்டு அதுதான் முதலில் தேயும், வெளுக்கும். கறுப்பு தங்குவது பள்ளத்தில். இந்த ராணிக்கோ கன்னம் கரிச்சட்டி, கூந்தல் மடிப்புக்குள் பளபளப்பு. விளிம்பைச் சுற்றிலும், நல்ல காசில் இருக்கவே இருக்காத, அச்சில் ஊற்றி எடுத்த ஒட்டுக்கோடு. மூக்கருகே கொண்டுபோனாள். அவித்த முட்டை வாசம் அடித்தது. யாரோ முட்டையோடு மூடிவைத்துக் காசைக் கறுக்க வைத்திருக்கிறார்கள்.

டைட்டஸ் போலிக் காசைக் கையால் தொடமாட்டான். இதை இங்கே போட்டது இவர்தான்! வாயைத் திறக்கவும் பயம். கொண்டுவந்திருந்த ஒரே கயிறு அவர் தோளில் கிடந்தது.

"கண்ணெல்லாம் மண்ணு அண்ணாச்சி. ஹாஜிரா, கயிற வாங்கு. மூணு பேரும் பிடிச்சுக்கிட்டே நடப்போம்."

அவர் தயங்கித்தான் கொடுத்தார். அது ஹாஜிராவின் கைக்கு வந்ததும் எப்சிபா வடக்கே திரும்பினாள்.

"எம்மா, எங்க போற? அங்க வெறும் பாழுங்கிணறுதான் கெடக்கு."

"அந்தக் கிணத்துக்குத்தான் அண்ணாச்சி போறேன்."

திரவியத்தின் முகம் செத்துப்போயிற்று. தொடர்ந்து வர அவருக்குத் துணிவில்லை. பெண்கள் இருவரும் ஓடினார்கள். எப்சிபா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். காற்றுக்கு நடுவே, பூமிக்கு அடியிலிருந்து ஈனமாக ஒரு குரல் பதில் சொன்னது.

கிணற்றுக்குள் மணல் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. டைட்டஸ் நெஞ்சுவரை புதைந்து, பானையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பானைய விடுண்ணே!"

அவன் விட்டான். கயிற்றின் ஒரு நுனியை அவனிடம் வீசி, கிணற்றோரப் பனைமரத்தில் சுற்றி இருவரும் இழுத்தார்கள். உள்ளங்கை உரிந்தது. அவன் மேலே வந்து விழுந்ததும் எப்சிபா அவனை அடித்தாள், பிறகு அழுதாள்.

"பானையப் பத்தித் தாசில்தார்ட்ட சொல்லணும்னேன். நான் செத்தப்புறம் எடுத்துக்கலாம்னு திரவியம் ஏணிய உருவிட்டுப் போயிட்டான்," என்றான் டைட்டஸ், தண்ணீரைக் குடித்து முடித்து.

மறுநாள் தாசில்தாரின் ஆட்கள் பானையைத் தோண்டி அரசாங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். திரவியத்தைப் போலீஸ் கொண்டுபோயிற்று.

"ஒரு நல்ல காசப் போட்டிருந்தா நாம தெக்கதான் போயிருப்போம்," என்றாள் எப்சிபா.

"நல்ல காச மண்ணுல போட அந்தாளுக்கு மனசு வருமாட்டி?" என்றாள் ஹாஜிரா.

அண்ணன் காசைப் பற்றிப் பேசினால் எப்சிபா இப்போது கொட்டாவி விடுவதில்லை. அதுவரை போலி ஒன்றுகூட நுழையாத டைட்டஸின் ஆல்பத்தில் அந்த முட்டை நாற்றக் காசுதான் முதல் பக்கத்தில் இருக்கிறது.