இருபது சென்டிமீட்டர் தேன்கூடு

ஐந்தாம் வகுப்பில் அவளை எல்லோரும் 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பென்சிலோ பூனையின் வாலோ, எதைக் கண்டாலும் அளந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அப்படிப்பட்டவள் சொன்ன அளவே ஒருநாள் எல்லோரையும் திருதிருவென்று விழிக்க வைத்தது.

குழந்தைகள் மருத்துவமனையில், ஊசிக்காகக் காத்திருக்கும் கூடத்தில் ஒரு வெறும் சுவர் இருந்தது. அதில் அட்டையால் பெரிய தேன்கூடு செய்து மாட்டுவதாக ஓவிய டீச்சர் ஒப்புக்கொண்டிருந்தார்.

தேனீக்களின் வழி எளிமையானது. எல்லாம் ஒரே மாதிரி ஆறு பக்க அறைகள். ஓர் அறையின் சுவர்தான் பக்கத்து அறைக்கும் சுவர். நடுவில் துளி இடம் வீணாகாது. அட்டைப் பட்டையை மடித்து அறைகளைச் செய்துவிட்டால், ஒன்றோடு ஒன்றை ஒட்டிக்கொண்டே போகலாம்.

பாதி அறைகளை ஏ பிரிவு செய்ய வேண்டும், மீதியை பி பிரிவு. பி பிரிவுக்கு அளவு சொல்லும் பொறுப்பு ஏ பிரிவில் இருந்த ஸ்கேலுக்கு. "அகலம் இருபது சென்டிமீட்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை கூடத்தில் எல்லா அறைகளையும் பரப்பினார்கள். ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை. பி பிரிவின் அறைகள் எல்லாமே கொஞ்சம் சின்னவை.

"நாங்க சரியாத்தான் அளந்தோம்," என்றான் பட்டாணி. பி பிரிவிலேயே உருவத்தில் சிறியவன் அவன். ஒவ்வோர் அறைக்குள்ளும் பொறுமையாக ஒரு தேனீயை வரைந்தவனும் அவன்தான். ஓர் அறையை எடுத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து காட்டினான். இருபது.

ஸ்கேல் தன் அறையை ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு அளந்தாள். அதுவும் இருபது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு பக்க அறையில் அகலத்தை இரண்டு விதமாக அளக்கலாம். எந்த விதம் என்று அவள் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை ஊசிக்குக் குழந்தைகள் வந்துவிடுவார்கள். பெரிய அறைகளை மட்டும் மாட்டலாம், சின்னவற்றைக் குப்பையில் போடலாம் என்று ஏ பிரிவுப் பையன்கள் சொன்னார்கள். டீச்சருக்கும் வேறு வழி தெரியவில்லை. பட்டாணி தன் தேனீக்களைச் சாக்கில் அடுக்க ஆரம்பித்தான்.

"சாக்குல போடாதடா, நசுங்கிடும்," என்றாள் ஸ்கேல். "என் தப்புக்கு உன் தேனீ ஏன் நசுங்கணும்?"

பத்திரமாக எடுத்துப் போகட்டும் என்று, ஒரு சின்ன அறையைப் பெரிய அறைக்குள் வைத்தாள். அது லொடலொடவென்று ஆடியது. பிடித்து லேசாகத் திருப்பினாள்.

ஆட்டம் நின்றது.

தலைகீழாகக் கவிழ்த்தாள். விழவில்லை. சின்ன அறையின் ஆறு மூலைகளும், பெரிய அறையின் ஆறு பக்கங்களையும் நட்டநடுவில் தொட்டுக்கொண்டு நின்றன. சின்னதற்கு மூலைக்கு மூலை இருபது. பெரியதற்குப் பக்கத்துக்குப் பக்கம் இருபது. பிறகு ஏன் பொருந்தாது?

"டீச்சர், இங்க பாருங்களேன்."

மாலைக்குள் எல்லா அறைகளும் சுவரேறின. அறைக்குள் அறை, அதற்குள் தேனீ. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் பூ பூத்த மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு அறைகள் ஒன்றாகிவிட்டதால் பாதிச் சுவர்தான் நிறைந்தது.

"மீதி பாதி?" என்று கவலைப்பட்டார் டீச்சர்.

"தேனீங்க மட்டும் ஒரே நாள்லயா கட்டி முடிக்குது?" என்றான் பட்டாணி.

ஸ்கேலுக்குப் பொறி தட்டியது. திங்கட்கிழமை காலை சுவரோரம் ஒரு சின்ன மேசை வந்தது. அதன்மேல் அட்டைப் பட்டைகள், பசை, பெரிய அறையின் அளவில் ஆறு பக்க மரக்கட்டை ஒன்று. பட்டையைக் கட்டையைச் சுற்றி மடித்தால் அறை தயார். அளவு சொல்லவே வேண்டாம்.

முதலில் உட்கார்ந்தது, வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்த ஒரு வாண்டு. நர்ஸ் வந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்.

அவன் தலையைத் தூக்கவில்லை. "கொஞ்சம் இருங்க அக்கா, இன்னும் ரெண்டு பக்கம் மடிக்கணும்."