செம்பு ருசி

காபியில் செம்பு ருசித்தது. அன்ஸ்கர் தேலன் கோப்பையை முகர்ந்து பார்த்தார். காபி வாசம்தான் வந்தது. காலையில் தின்ற ரொட்டியிலும் இதே ருசி, நேற்றைய பீரிலும் இதே ருசி. பல் டாக்டரோ வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாள் முழுக்கப் பழைய காசைக் கொஞ்சிக்கிட்டு இருந்தா வேற என்ன ருசி வரும்?" என்று மனைவி ரோஸ்வித்தா அடுக்களைக்குப் போகிற வழியில் சிரித்தாள்.

எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

ட்ரியர் ஊரில் ரோமர்கள் அடித்த வெண்கலக் காசுகள்தான் அவர் சேர்ப்பது. எல்லாம் பச்சை வெல்வெட் குழிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு குழி மட்டும் பல வருடமாகக் காலி. அந்தக் காசு ஏலத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது கடைசி நேரத்தில் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல் அவர் விரல் அந்தக் குழியையே தடவிக்கொண்டிருக்கும்.

இந்த முறை ஏலத்துக்கு முன்பே மியூனிக் போய் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். காசிலிருந்த அரசன் உருவத்தின் காலடியில், எந்த ஊரில் அடித்தது என்று சொல்லும் எழுத்து மண்ணேறி மங்கியிருந்தது. ஈரம் பட்டால் எழுத்து எழும்பும். வயலில் காசு பொறுக்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஏலக்கடையில் செய்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். பணிப்பெண் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு நக்கு நக்கிவிட்டார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அவர் தேடிய அதே எழுத்து.

அதற்குப் பிறகுதான் பக்கத்தில் இருந்த அட்டையைப் படித்தார். பழைய இடுகாட்டில், கல் பெட்டிக்குள், ஓர் ஆணின் வாயிலிருந்து எடுத்தது. செத்தவர்களின் ஆற்றைக் கடக்கப் படகுக்காரனுக்குக் கூலியாக நாக்கின் மேல் வைத்து அனுப்பிய காசு. கைக்குட்டையால் நாக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்று மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தது இந்த ருசி.

இன்று ஏலம். முழங்கால் வலியோடு மறுபடி ரயிலேற முடியாமல், மாடி அறையில் காசுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு டெலிபோனுக்குக் காத்திருந்தார். நவம்பர் பனி, வீட்டை ஒட்டி ஓடும் மோசல் ஆற்றிலிருந்து எழும்பி ஜன்னலை அடைத்திருந்தது; மதியம் கழிவதற்குள் விளக்கு போட வேண்டியதாயிற்று. எங்கோ சேற்று வாசம் வந்தது. எழுந்து பார்த்தார், ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

மணி அடித்தது. ஏலக்கடையிலிருந்து ஃப்ராவ் இம்ஹோஃப், அவருக்காக அங்கே கை தூக்கப் போகிறவள்.

"நம்ம காசு வந்தாச்சு, ஹெர் தேலன். கேக்கட்டுமா?"

"கேளும்மா."

கேட்டாள். யாரோ ஏற்றினார்கள். மறுபடி கேட்டாள். மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் "ம்" என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் அடுத்தவன் மேலே போயிருந்தான். அன்ஸ்கருக்கு ரத்தம் கொதித்தது.

"யாரும்மா அது? எவன் அவன்?"

"கடைசி வரிசையில ஒரு பெரியவர். கையில நம்பர் அட்டைகூட இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வாயைத் திறக்கறார். அவ்வளவுதான். ஏலம் விடறவரும் அதைக் கணக்குல எடுத்துக்கறார்."

"கொட்டாவி விடறவனுக்கெல்லாம் பயந்து விட்டுடுவேனா? ஏத்து."

ஏற்றினாள். ரோஸ்வித்தாவிடம் சொல்லியிருந்த எல்லையைத் தாண்டினார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. வாய்க்குள் செம்பு ஊறிக்கொண்டே இருந்தது.

சுத்தியல் விழுந்தது.

"உங்களுக்குத்தான்," என்றாள்.

ஒரு கணம் மனம் அப்படியே நிறைந்துவிட்டது. காலி குழியை ஆசையாகத் தடவினார். விரல் ஈரமானது.

"ஹெர் தேலன்..." அவள் குரல் மாறியிருந்தது. "தட்டுல காசைக் காணோம். இப்போ இங்கதான் இருந்துச்சு. அந்தப் பெரியவரையும் காணோம்."

"என்ன விளையாடறீங்களா? ஜெயிச்சது நான். என் காசு எங்..."

பல்லில் ஏதோ இடித்தது. கெட்டியாக. சில்லென்று.

ரிசீவர் கையிலிருந்து நழுவியது. விரலை விட்டுப் பார்த்தார். நாக்கின் மேல் மண். மண்ணுக்கு நடுவே ஒரு வட்டம்.

"அன்ஸ்கர்!" கீழிருந்து ரோஸ்வித்தா. "உன்னைப் பார்க்க ஒரு பெரியவர் வந்திருக்கார். பேச மாட்டேங்கறார், வாயைத் திறந்து திறந்து காட்டறார். பாவம், தொப்பலா நனைஞ்சிருக்கார். மேல அனுப்பவா?"

வேண்டாம் என்று கத்த வேண்டும். கத்த வாயைத் திறக்க வேண்டும். துப்பிவிடலாம். துப்பி, எடுத்துப் போ என்று நீட்டிவிடலாம். ஒரு நொடி வேலை.

எத்தனை வருடம். எத்தனை ஏலம்.

பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மேலதான் இருக்கார், போங்க," என்றாள் ரோஸ்வித்தா யாரிடமோ.

மரப்படியில் ஈரக் கால். அடுத்த படி. அடுத்த படி. சேற்று வாசம். கதவு.

பெரியவர் வாசலில் நின்றார். வாய் திறந்திருந்தது. உள்ளே நாக்கு இல்லை. கறுப்பு. கேட்பதுபோல், கடைசித் தடவையாகக் கேட்பதுபோல், அந்த வாய் இன்னும் அகலமாகத் திறந்தது.

அன்ஸ்கர் முடியாது என்று தலையாட்டினார்.

ஏலத்தில் தோற்றவர் தலையசைப்பதுபோல் பெரியவர் மரியாதையாகத் தலையசைத்தார். வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் வந்தார். இரண்டு குளிர்ந்த விரல்கள் அன்ஸ்கரின் உதடுகளுக்குள் நுழைந்தன. காசை எடுக்கவில்லை. நாக்கின் மேல் நேராக வைத்து அழுத்தின. தாடையைச் சேர்த்து மூடின. பிறகு, பழகிய கையாக, அவருடைய இமைகளை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்தன.

ஜன்னலுக்கு அடியில், ஒரு படகு கரையில் இடித்து நின்றது.